நல்லா விளையாடுகிற பொடியனின் காலை யார் காப்பது? திருமலை மைதானங்களில் கண்டதை எழுதுங்கள்

உப்புவெளிப் பயிற்றுநர்:

நம் திருகோணமலை மாவட்டத்தில் பின்னேரம் எந்த உதைபந்தாட்டத் திடலுக்குப் போனாலும், உப்புவெளியோ நிலாவெளியோ கிண்ணியாவோ மூதூரோ, பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேரை வெட்டிக்கொண்டு போகிற ஒரு பொடியன் கட்டாயம் இருப்பான். சனம் அவனைப் பார்க்கத்தான் வருகிறது. சில வருசம் கழித்து அவன் எங்கே என்று கேட்டால் அடிக்கடி கிடைக்கிற பதில், "கால் போயிட்டுது, விட்டிட்டான்" என்பதுதான். இதைத் தலைவிதி என்று விட எனக்கு மனமில்லை. இது பெருமளவு நடுவர் கையில் இருக்கிற விஷயம்.

அண்மையில் ஒரு 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் எங்கள் இடது ஓரத்துப் பொடியனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொடக்கத்திலேயே எதிரணியின் வலது பின்கள வீரர் அவனை விழுத்தினார். விசில், பிறீ கிக், சரி. அடுத்தது நடுக்களத்தில் ஒருவர். பிறகு இன்னொருவர். ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொரு முறையும் நடுவர் பொடியனைத் தூக்கிவிட்டு, அடித்தவரின் தோளில் தட்டி, "மெதுவா விளையாடுங்கோ தம்பி" என்றார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னர் பின்னாலிருந்து சறுக்கி வந்த ஒருவர் பந்தையும் எடுத்தார், பந்தோடு சேர்த்துக் கணுக்காலையும் எடுத்தார். நான் கோட்டருகில் நின்று கேட்டபோது நடுவர் சொன்னது: "சேர், அவன் பந்தைத்தான் எடுத்தவன்."

இந்த ஒரு வசனம்தான் எத்தனையோ கால்களைத் தின்றிருக்கிறது. பந்தைத் தொட்டுவிட்டால் குற்றமில்லை என்று விதிப்புத்தகத்தில் எங்கேயும் இல்லை. பவுல்கள் பற்றிய 12ஆவது விதி மூன்று படி சொல்கிறது. கவனக்குறைவு என்றால் பிறீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் போனால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலம், அல்லது எதிராளியின் உடலுக்கு ஆபத்து என்றால் சிவப்பு. முன்னாலிருந்தா, பக்கத்திலிருந்தா, பின்னாலிருந்தா, ஒரு காலா, இரண்டு காலா என்ற வித்தியாசமும் இல்லை. பந்து முதலில் பட்டதா என்பது அந்தக் கணக்கை மாற்றாது.

நீங்கள் கண்டதை எழுதுங்கள். நடுவர்களாக இருந்தவர்கள் கட்டாயம் எழுத வேண்டும்.

கிண்ணியாப் பழைய விசில்:

வணக்கம் சேர். நான் நடுவராக இருந்து ஓய்ந்தவன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்னர் பாதைப் படகில் ஏறித்தான் ரவுணுக்குப் போட்டிக்கு வருவோம், விசிலும் அட்டையும் சட்டைப் பையில், காற்சட்டை ஒரு சொப்பிங் பையில். அந்தக் காலத்திலிருந்து பார்த்ததில் சொல்கிறேன், எங்கள் ஆட்களில் அநேகருக்கு விதி தெரியாமல் இல்லை. முதல் அட்டையை எடுக்கத்தான் கை வராது.

ஏன் வராது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஊர்ச் சுற்றுப்போட்டியில் சனம் கோட்டிலேயே நிற்கும், கயிறுகூட இருக்காது. லைன்ஸ்மன் இருவரில் ஒருவர் போட்டி நடத்துகிற கழகத்தின் ஆளாக இருப்பார். நடுவருக்கு உடை மாற்ற ஓர் அறை கிடையாது, போட்டி முடிந்து வீதிக்குப் போகும் வழியில் யாரும் துணைக்கு வருவதும் கிடையாது. இந்த நிலையில் ஏழாவது நிமிடத்தில் மஞ்சள் அட்டை காட்டினால் நாலு பக்கமும், "இப்பவேயா? மட்ச்சக் கெடுத்துப் போட்டார்" என்று சத்தம். அதனால் முதல் பவுலுக்குப் பேச்சு, இரண்டாவதற்கும் பேச்சு, மூன்றாவது வேறு ஆள் என்பதால் அதற்கும் பேச்சு. அதற்குள் பொடியனின் கால் போய்விடும்.

எனக்குப் பழக்கிய மூத்த நடுவர் சொல்லித் தந்தது இதுதான்: முதல் கால் மணி நேரம் பந்துக்குப் பக்கத்திலேயே நில், அதற்குள் வருகிற முதல் பொறுப்பற்ற அடிக்கு, மணிக்கூட்டைப் பாராமல் அட்டையைக் காட்டு. விதியில் எங்கேயும் முதல் பத்து நிமிடம் இலவசம் என்று எழுதவில்லை. முதல் அட்டை சரியான நேரத்தில் வந்தால் மற்றப் பத்துப் பேரும் தங்கள் காலைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஆள் மாறி ஆள் அடிக்கிறதற்கும் வழி உண்டு. ஓர் இறுதிப்போட்டியில் பத்தாம் இலக்கப் பொடியனை மூன்று பேர் பங்குபோட்டு அடித்தார்கள். நான் ஆட்டத்தை நிறுத்தி அவர்களின் கப்டனைக் கூப்பிட்டு, மூன்று பவுலும் நடந்த மூன்று இடத்தையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் கையால் காட்டி, "இனி இவரை யார் அடிச்சாலும், அது அவர்ட முதல் பிழையா இருந்தாலும் மஞ்சள்தான்" என்றேன். அடுத்து அடித்தவருக்குக் காட்டினேன். அவருக்கு அது முதல் பவுல்தான், துள்ளினார், சனமும் துள்ளியது. இடைவேளையில் நடத்துநர்களில் ஒருவர் வந்து "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று காதுக்குள் சொன்னார். இரண்டாம் பாதியில் அந்தப் பொடியனை ஒருவரும் தொடவில்லை, அவர் முழு ஆட்டமும் விளையாடினார். அடுத்த வருசம் அந்தச் சுற்றுப்போட்டிக்கு என்னைக் கூப்பிடவில்லை. பரவாயில்லை.

இன்னும் இரண்டு விஷயம் எங்கள் பக்கம் அடிக்கடி பிழைக்கிறது.

ஒன்று அட்வான்டேஜ். பவுல் நடந்தும் பந்து அடிபட்டவரின் அணியிடமே போனதால் ஆட்டத்தை விடுகிறோம், நல்லது. ஆனால் பந்து நின்றதும் திரும்பிப் போய் அடித்தவருக்கு அட்டை காட்ட வேண்டும், அதைத்தான் அநேகர் மறக்கிறார்கள். சிவப்பு அட்டைக்குரிய அடி என்றால் உடனே நிறுத்த வேண்டும், கோல் அடிக்கத் தெளிவான வாய்ப்பு இருந்தால் மட்டும் விடலாம்.

மற்றது காயம். அடிபட்டவரைக் கோட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு, அடித்தவரை உள்ளே வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்குகிறோம், அடி வாங்கிய அணி பத்துப் பேரோடு நிற்கிறது. 2016இல் விதியை மாற்றிவிட்டார்கள். மஞ்சளோ சிவப்போ காட்டப்பட்ட பவுலில் காயப்பட்டவருக்கு உள்ளேயே சுருக்கமாக மருந்து போட்டு அவர் அப்படியே விளையாடலாம். ஆனால் பாருங்கள் சேர், அட்டை காட்டினால்தான் அந்தச் சலுகை. அட்டை காட்டாத நடுவர் அந்தப் பொடியனுக்கு இரண்டு தரம் அநியாயம் செய்கிறார்.

வலது பின்களம்:

நான் பின்களத்தில் விளையாடுகிறவன், ஆகவே மற்றப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தரை ஆவணி மாதத்தில் கல்லாகக் காய்ந்து, மேலே மணல் பரவி இருக்கும். அதில் சறுக்கினால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. எல்லா மோசமான அடியும் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. அப்புறம், தொட்டதும் தொடாததுமாக விழுந்து உருள்கிற ஆட்களும் இருக்கிறார்கள். நடுவர் அதற்கு ஏமாந்து எனக்கு அட்டை தந்தால் மிச்ச ஆட்டம் முழுக்க நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நடிக்கிறவருக்கும் மஞ்சள் அட்டை உண்டு, அதையும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அடி எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? பெஞ்சில் இருந்து. ஓர் இடைவேளையில் எங்கள் பயிற்றுநர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் தந்துகொண்டே சொன்னார்: "ஏழாம் நம்பர் செகண்ட் ஹாஃப் விளையாடக் கூடாது." எனக்கு விளங்கியது, சுற்றி இருந்த எல்லோருக்கும் விளங்கியது. நான் என் முறையில்தான் விளையாடினேன், ஒரு கை தூரத்தில் நின்று, அவன் உள்ளே வெட்டாமல் வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், கோர்னர் கொடிப் பக்கம் முடக்குவது. அது களைக்கும், பொறுமை வேண்டும், ஆனால் பந்து வெல்லலாம். பயிற்றுநர் கொஞ்ச நேரத்தில் என்னை வெளியே எடுத்துவிட்டு வேறொருவரை அனுப்பினார். அவர் எதற்கு அனுப்பப்பட்டாரோ அதைச் செய்தார். ஏழாம் நம்பரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

2019இலிருந்து பெஞ்சில் இருக்கிற பயிற்றுநருக்கும் மஞ்சள், சிவப்பு காட்டலாம். "ஆளைப் பிடி, காலை எடு" என்று கோட்டிலிருந்து கத்துகிற குரல் மைதானம் முழுக்கக் கேட்கும், நடுவருக்கு மட்டும் ஏன் கேட்காது?

டொரன்டோத் திருமலையான்:

அண்ணாமார், இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பந்தாட்டத்தில் பாதி விதிகள் யாரோ ஒரு நல்ல ஆட்டக்காரனின் கால் உடைந்த பிறகுதான் வந்திருக்கின்றன.

1966 உலகக் கிண்ணத்தில் பெலேயை முதலில் பல்கேரியா அடித்தது, அதனால் ஹங்கேரியோடு அவர் விளையாட முடியவில்லை. அடுத்து லிவர்பூலில் போர்த்துக்கல்லோடு நடந்த போட்டியில் மொறாய்ஸ் என்கிற பின்கள வீரர் ஒரே ஓட்டத்தில் இரண்டு முறை அடித்தார், வெளியே அனுப்பப்படவில்லை. மாற்று ஆள் போடும் வழக்கம் அப்போது உலகக் கிண்ணத்தில் இல்லாததால் பெலே நொண்டிக்கொண்டே மிச்ச ஆட்டத்தை முடித்தார், பிரேசில் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 மெக்சிகோவில்தான் வந்தன, கென் அஸ்டன் என்ற ஆங்கில நடுவரின் யோசனை.

1983 செப்டெம்பரில் பார்சிலோனாவில் கொய்கொய்ச்சியா என்ற எதிரணிப் பின்கள வீரர் பின்னாலிருந்து வந்து மரடோனாவின் கணுக்காலை உடைத்தார். நெதர்லாந்தின் வான் பாஸ்டன் 28 வயதில் கடைசிப் போட்டி விளையாடி, கணுக்கால் ஆறாமலே 1995இல் ஓய்வை அறிவித்தார். பின்னாலிருந்து வந்து எதிராளிக்கு ஆபத்து விளைவிக்கும் அடிக்குக் கட்டாயம் சிவப்பு என்று 1998இல்தான் விதியில் எழுதினார்கள்.

விதி எழுதியும் போதவில்லை. 2014இல் பிரேசில், கொலம்பியா காலிறுதியை விடிய விடிய இருந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 54 பவுல்கள், முதல் அட்டை இரண்டாம் பாதியில்தான். ஒரு பக்கம் கொலம்பியாவின் ஹாமெஸ் றொட்ரிகஸை பிரேசில்காரர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கொலம்பியாவின் சூனிகாவின் முழங்கால் நெய்மாரின் முதுகில் விழுந்து எலும்பு வெடித்தது, அதற்கும் அட்டை இல்லை. கிண்ணியா ஐயா சொல்கிற அந்த முதல் கால் மணி நேரம் உலகக் கிண்ணத்துக்கும் பொருந்தும்.

மனையாவெளி அக்கா:

நான் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறேன். சுற்றுப்போட்டிக் காலத்தில் திங்கட்கிழமை என்றால் கணுக்கால்கள்தான் வரும். ஊன்றிய கால்தான் மோசமாகக் கிழிகிறது. நிலத்தில் ஊன்றி உடல் பாரம் முழுக்க அதில் நிற்கும்போது பக்கத்திலிருந்து அடி விழுந்தால் கால் விலகிப் போக இடமில்லை, முறுக்கு முழுவதும் தசைநாருக்கே போகிறது. வெட்டி விளையாடுகிற பிள்ளை திரும்புவதற்காக ஒரு காலை ஊன்றத்தான் வேண்டும், அந்த நொடியில்தான் அடிக்கிறார்கள்.

அநேகம் பேர் என்னிடம் வருவதற்கு முன்னரே சுடச்சுட எண்ணெய் போட்டு உருவிவிட்டு வருகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாளைக்கு அது வேண்டாம் தம்பிமார், வீக்கம் கூடும். ஐஸ் வையுங்கள், சுற்றிக் கட்டுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். நாலு அடி நடக்க முடியாவிட்டால் உடனே எக்ஸ்ரே எடுங்கள். கிறேப் பண்டேஜைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஞாயிறே இறங்காதீர்கள், ஆறாத தசைநாரில் இரண்டாவது முறை விழும் அடிதான் விளையாட்டை நிறுத்துகிறது.

ஒரு முறை அடித்த பொடியனே அடிபட்டவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். இருவரும் ஒரே பள்ளிக்கூடம். "அக்கா, றெஃபரி ஒண்டும் சொல்லேல்ல, அதால இவ்வளவு அடிக்கலாம் எண்டு நினைச்சன்" என்றான். நடுவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

உப்புவெளிப் பயிற்றுநர்:

அக்கா, அந்தப் பொடியன் சொன்னதைத்தான் நான் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்ல முடியாமல் இருந்தேன். விசில் எங்கே ஊதப்படுகிறதோ அதுவரை போகலாம் என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

வலது பின்களம் தம்பி, நடிக்கிறவருக்கு அட்டை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் பொடியன்கள் அப்படி விழுந்தால் நானே வெளியே எடுப்பேன். தரை பற்றி நீங்கள் சொன்னதும் சரி, ஆனால் சறுக்கினால் நிற்க முடியாது என்று தெரிந்த தரையில் பின்னாலிருந்து சறுக்குவதைத்தானே பொறுப்பற்ற செயல் என்கிறது விதி.

அடுத்த மாதம் நாங்கள் சில கழகங்கள் சேர்ந்து ஒரு சிறுவர் சுற்றுப்போட்டி வைக்கிறோம். கோட்டிலிருந்து மூன்று மீற்றர் தள்ளிக் கயிறு கட்டுவோம், லைன்ஸ்மன்களை விளையாடாத கழகங்களில் இருந்து எடுப்போம், நடுவரின் பணத்தைப் போட்டிக்கு முன்னரே கொடுத்துவிடுவோம். முதல் கால் மணி நேரத்தில் அட்டை காட்டிய நடுவரிடம் எந்தக் கழகமும் போய்ப் பேசக் கூடாது என்று ஒப்பமும் வாங்குகிறோம். கிண்ணியா ஐயா, தொடங்குவதற்கு முதல் நாள் வந்து 12ஆவது விதியை எல்லோருக்கும் ஒரு தரம் விளங்கப்படுத்த முடியுமா?

கிண்ணியாப் பழைய விசில்:

வாறன் சேர். பொடியன்கள் பின்னுக்கு இருக்கட்டும், பயிற்றுநர்மாரை முன் வரிசையில் இருத்துங்க. வலது பின்களம் தம்பியையும் கூப்பிடுங்க, காலை எடுக்காமல் ஓரத்தில் முடக்குவதைத் திடலில் அவர் செய்து காட்டட்டும்.