மறு: ‘ஃபர்பேரர்’ என்பதற்குத் தமிழில் என்ன?

வணக்கம் நண்பர்களே,

அமெரிக்க மாநிலச் சட்டங்களில், தோலுக்காகப் பிடிக்கலாம் என்று பட்டியலிட்ட விலங்குகளுக்கு ‘ஃபர்பேரர்’ (furbearer) என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுக் கேள்வியைப் போட்டுவிட்டு ஆள் காணாமல் போய்விட்டேன் என்று ஒருவர் குறைபட்டிருந்தார். நியாயம்தான். அமெரிக்க மாநிலங்களின் பொறிவைப்புச் சட்டங்களைப் பற்றிய கட்டுரையை முடிப்பதற்குள் எனக்கே பல சொற்கள் இடறிவிட்டன. வந்த மடல்களை எல்லாம் சேர்த்து வைத்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

> உரோமம் உள்ள பாலூட்டி என்றுதானே பொருள்? ‘உரோமப் பாலூட்டி’ என்று முடித்துக்கொள்ளலாமே.

பேராசிரியர் ஐயா, பாலூட்டி என்றாலே உரோமம் உண்டு. ‘இறகுள்ள பறவை’ என்பது போல ஆகிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான சிக்கல் வேறு: சட்டத்தில் இந்தச் சொல்லுக்கும் உரோமத்துக்கும் உள்ள உறவு நாம் நினைக்கிற அளவுக்கு நெருக்கமானது இல்லை.

வயோமிங் மாநிலச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஃபர்பேரர் என்ற வகைக்குள் வருபவை ஏழே ஏழு: பேட்ஜர், பீவர் (ஓடையில் அணைகட்டும் கொறிவிலங்கு), பாப்கேட், மார்ட்டென், மிங்க், மஸ்க்ராட் (நீரோரம் வாழும் கொறிவிலங்கு), வீசல். செந்நரி இதில் இல்லை. ரக்கூனும் இல்லை. இரண்டின் தோலும் காலங்காலமாக விலைபோனவை. ரக்கூன் தோல் தொப்பியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் அந்த மாநிலத்தில் அவை ஃபர்பேரர் ஆகா. அவை இருப்பது ‘பிரிடேட்டரி அனிமல்’ என்ற இன்னொரு பட்டியலில். அந்தப் பட்டியலையும் முழுக்கச் சொல்லிவிடுகிறேன், ரசிப்பீர்கள்: கயோட்டி, ஜாக்ராபிட் என்னும் பெருமுயல், முள்ளம்பன்றி, ரக்கூன், செந்நரி, ஸ்கங்க் (நாற்ற நீரைப் பீய்ச்சும் சிறு விலங்கு), தெருப்பூனை. இவை போக, மாநிலத்தின் பெரும்பகுதியில் சாம்பல் ஓநாயும் இதற்குள் வருகிறது.

நம் பாடநூல் வழக்கப்படி பிரிடேட்டர் என்றால் ‘கொன்றுண்ணி’. அதை அப்படியே இங்கே போட்டால் புல் தின்கிற முயலும் மரப்பட்டை தின்கிற முள்ளம்பன்றியும் கொன்றுண்ணிகள் ஆகிவிடும்! சட்டம் சொல்ல வருவது, இவற்றுக்குப் பருவக் கட்டுப்பாடோ பாதுகாப்போ இல்லை என்பதை. ஆகவே இதற்கு ‘காப்பிலா விலங்கு’ என்று வைத்திருக்கிறேன். ‘தீங்கு விலங்கு’ என்று கோவை நண்பர் சொன்னது காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் தீங்கு என்பது தீர்ப்பு. காப்பு இல்லை என்பது நிலை. சட்டச் சொல்லுக்கு நிலைதான் பாதுகாப்பு.

ஓரிகன் மாநிலத்துக் கதை இதைவிடச் சுவையானது. அந்த மாநிலத்துக்குச் செல்லப்பெயரே பீவர் மாநிலம். கொடியின் பின்பக்கத்தில் பொன்னிறத்தில் ஒரு பீவர் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட பீவர், அண்மைக்காலம் வரை பொதுநிலத்தில் ஃபர்பேரர், தனியார் நிலத்தில் காப்பிலா விலங்கு. வேலிக்கு இந்தப் பக்கம் உரிமம், பருவம் எல்லாம் உண்டு; வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது. அதே விலங்கு, அதே உரோமம். 2023-இல் சட்டமன்றம் இதைத் திருத்தியது. 2024 ஜூலை முதல் தனியார் நிலத்திலும் பீவர் ஃபர்பேரர்தான்.

இதனால்தான் சொல்கிறேன், இது விலங்கியல் சொல் அல்ல, பட்டியல் சொல். ஒரு மாநிலம், ‘இன்னின்ன விலங்கை அதன் தோலுக்காகப் பிடிக்கலாம், இன்ன விதிப்படி’ என்று பெயர் சொல்லி வகுத்து வைத்திருப்பது. நம் தமிழ்ச் சொல்லில் தோலும் இருக்க வேண்டும், அதற்காகப் பிடிக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

> ‘தோல்படு விலங்கு’ எப்படி? கடல்படு பொருள், மலைபடு பொருள் போல.

அக்கா, படித்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மலைபடு பொருள் என்றால் மலையில் உண்டாகும் பொருள். அந்தக் கணக்கில் தோல்படு விலங்கு என்றால் தோலில் உண்டாகும் விலங்கு. பேன், உண்ணி என்று நினைத்துவிடுவார்கள். ‘தோல்தரு விலங்கு’ என்று மாற்றலாம் என்றால், அது ஏதோ மனமுவந்து தருவது போல இருக்கிறது.

வெறும் ‘தோல்’ என்பதிலும் ஒரு இடர் உண்டு. நமக்குத் தோல் என்றதும் ஆம்பூரும் வாணியம்பாடியும் செருப்பும்தான் நினைவுக்கு வரும். அது மயிரை நீக்கிப் பதனிட்ட தோல். இங்கே பேசுவது மயிரோடு உரித்துக் காயவைக்கும் தோல். ஆங்கிலத்தில் இதற்குப் ‘பெல்ட்’ (pelt; இடுப்பில் கட்டும் பெல்ட் அல்ல) என்று தனிச்சொல் இருக்கிறது. ஆக, முதலில் பெல்ட்டுக்குச் சொல் கண்டால் ஃபர்பேரர் தானாக வந்துவிடும்.

> ‘மயிர்த்தோல்’ இருக்கும்போது எதற்கு வடமொழி உரோமம்?

தம்பி, உன் கட்சிதான் நானும், மனத்தளவில். கவரிமாவைப் பாடிய மொழியில் மயிர் கௌரவமான சொல்தான். ஆனால் ‘மயிர்த்தோல் விலங்குச் சட்டம்’ என்று வகுப்பில் ஒரு ஆசிரியர் வாசித்தால் கடைசி பெஞ்சில் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ‘மென்மயிர்’ என்று முன்னொட்டுச் சேர்த்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். ஆனால் அது வெறும் உரோமத்தைத்தான் சொல்லும், தோலைச் சொல்லாது. அதனால் என் தேர்வு: பெல்ட் – உரோமத்தோல், ஃபர்பேரர் – உரோமத்தோல் விலங்கு. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல்முறை படிப்பவருக்கும் புரியும்.

அடுத்தது, பொறிகள். இதற்கு மட்டும் கொஞ்சம் அனுபவம் கைகொடுத்தது. நான் இருப்பது பென்சில்வேனியாவில். பக்கத்து வீட்டுப் பெரியவர் குளிர்காலத்தில் நரிக்கும் மஸ்க்ராட்டுக்கும் பொறி வைப்பவர். போன ஞாயிறு அவருடைய கார்க் கொட்டகைக்குள் கூப்பிட்டுக் காட்டினார். பொறிகளை மெழுகில் முக்கி ஆணியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். ஒன்றை எடுத்துத் தரையில் வைத்து, இரண்டு பக்க வில்லையும் பூட்ஸால் அழுத்தித் தாடைகளை விரித்தார். நடுவில் உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு தட்டு. அதை ஒரு குச்சியால் தொட்டார். சட்டென்ற சத்தத்தோடு குச்சி மாட்டிக்கொண்டது. சங்கிலியில் ஒரு செப்புத் தகடு, அதில் அவர் பெயரும் முகவரியும். தகடு இல்லாமல் பொறி வைக்கக் கூடாதாம். தாடையில் பல் இருக்கக் கூடாது, ஆறரை அங்குலத்துக்கு மேல் விரியக் கூடாது, போடுகிற இரை வானிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. கடைசி விதி கழுகும் பருந்தும் வந்து மாட்டாமல் இருக்க. ஸ்கங்க் மாட்டினால் மட்டும் அன்றைக்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை என்றார். அது மனைவியின் சட்டம்.

அந்தக் குச்சியைப் பார்த்ததும் எனக்கு வந்த சொல் ‘கவ்வி’. கால்கவ்வி. இதில் ஒரு கூடுதல் லாபம் இருக்கிறது. இந்தப் பொறியை எதிர்ப்பவர்கள் ‘லெக்ஹோல்டு’ என்பார்கள். வனவிலங்குத் துறைகளும் பொறிவைப்பவர்களும் ‘ஃபுட்ஹோல்டு’ என்பார்கள். பிடிப்பது காலையல்ல, பாதத்தைத்தான் என்பது அவர்கள் வாதம். எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதை வைத்தே நாம் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 1991-இல் ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) தடைவிதித்தபோது அதன் விதியில் இருந்தது லெக்ஹோல்டு. தமிழில் ‘கால்’ இரண்டுக்கும் பொதுவாயிற்றே! ‘பாதக்கவ்வி’ என்று யாராவது திருத்தினால் அவர் தெரியாமலே ஒரு பக்கம் சாய்கிறார். கால்கவ்வியே இருக்கட்டும்.

உடலை நெரித்துக் கொல்லும் சதுரப் பொறிக்கு ‘நெரிபொறி’. கம்பிச் சுருக்குக்கு நம் ‘சுருக்குக்கண்ணி’ அப்படியே போதும். முயலுக்குக் கண்ணி வைத்த ஊர்க்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

> டிராப்பிங் என்பதற்கு ‘உரோம வேட்டை’ என்று வைத்தால் படிக்கச் சுவையாக இருக்கும்.

சுவை சரி, பொருள் தவறிவிடும். கலிபோர்னியா 2019-இல் உரோமத்துக்காகப் பொறி வைப்பதை, விற்பனைக்கானாலும் பொழுதுபோக்குக்கானாலும், முழுக்கத் தடைசெய்தது. ஆனால் பயிருக்கும் சொத்துக்கும் சேதம் செய்யும் விலங்கைப் பொறிவைத்துப் பிடிப்பது நிற்கவில்லை. மாசசூசெட்ஸில் 1996-இல் மக்கள் வாக்களித்துக் கவ்விகளையும் நெரிபொறிகளையும் பெருமளவு தடுத்தார்கள். பீவர் பெருகி, அணைகட்டி, கிணறும் சாலையும் வெள்ளத்தில் மூழ்க ஆரம்பித்ததும் 2000-இல் சட்டத்தைத் திருத்தி, ஊர்ச் சுகாதாரக் குழு அவசர அனுமதி தரலாம் என்றார்கள். இங்கே யாரும் உரோமத்தைத் தேடிப் போகவில்லை. நிலவறையில் தண்ணீர் புகாமல் இருந்தால் போதும் என்றுதான் போகிறார்கள். ஆகவே பொதுச்சொல் ‘பொறிவைப்பு’. உரோமத்துக்காக என்று தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘உரோமப் பொறிவைப்பு’.

அப்புறம், பொறியை எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதி. பென்சில்வேனியாவில் 36 மணிநேரம், ஐடஹோவில் 72. மாட்டிய விலங்கு எவ்வளவு நேரம் உயிரோடு கிடக்கிறது என்பதை முடிவுசெய்வது இதுதான் என்பதால் பெரும் சண்டைகள் இதைச் சுற்றியே நடக்கின்றன. ‘சோதனை இடைவெளி’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு ‘பார்வைக் கெடு’ பிடித்திருக்கிறது. இடைவெளி என்றால் சும்மா ஒரு அளவு. கெடு என்றால் தாண்டக் கூடாது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு சொல்லில்தான் இன்னும் முட்டிக்கொண்டு நிற்கிறேன்: ‘ஹார்வெஸ்ட்’. துறை ஆவணங்களில் ‘இந்தப் பருவத்தில் இத்தனை ஆற்று நீர்நாய் ஹார்வெஸ்ட்’ என்று இயல்பாக எழுதுகிறார்கள். நீர்நாயை அறுவடை செய்தார்கள் என்று தமிழில் எழுத எனக்குக் கை வரவில்லை. கதிர் அறுப்பதற்குத்தான் அந்தச் சொல். ‘கொலை’ என்றால் எதிர்ப்பாளர் துண்டறிக்கை போல ஆகிவிடும். மீன் கணக்கில் சொல்வது போல ‘பிடிப்பு’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். உச்சவரம்புக்குப் ‘பிடிவரம்பு’, அனுமதிக்கப்பட்ட காலத்துக்குப் ‘பிடிபருவம்’ என்று கிளைச்சொற்களும் சுலபமாக வருகின்றன. ஆனால் நெரிபொறியில் செத்துக் கிடப்பதைப் பிடிப்பு என்பது விஷயத்தை மெழுகுவதாக இருக்கிறதோ என்று ஒரு உறுத்தல்.

கடலோர நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்: வலையிலேயே செத்துப்போன மீனையும் உங்கள் பக்கம் ‘பிடி’ கணக்கில்தான் சேர்ப்பார்களா, அதற்கு வேறு பேர் உண்டா? வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பியாக வேண்டும்.