டபுள்ஸில் மூன்றாவது செட் எங்கே போச்சு?

அல்சூர்க்காரன்:
நேற்று கப்பன் பார்க்கில் பெங்களூரு ஓபன் டென்னிஸ் டபுள்ஸ் பார்த்தேன். ஆளுக்கொரு செட் ஆயிற்று, இனிமேல்தான் ஆட்டமே என்று காபியும் கையுமாக உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் கை குலுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். 40-40 வந்தாலும் அட்வான்டேஜ் (தொடர்ந்து இரண்டு பாயிண்ட் எடுக்கும் முறை) கிடையாது, ஒரே பாயிண்டில் கேம் முடிகிறது. சேலஞ்சர், அதாவது இரண்டாம் நிலைப் போட்டி என்பதால் சுருக்கிவிட்டார்களா?

நெட்டோரம்:
அதெல்லாம் இல்லை, ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் சங்கம்) நடத்தும் பெரிய போட்டிகளிலும் 2006இலிருந்து இதே கதைதான். 40-40 ஆனால் ஒரே பாயிண்ட், அதை எந்தப் பக்கம் வாங்குவது என்பது ரிசீவ் செய்யும் ஜோடியின் இஷ்டம். செட் 1-1 ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் மேட்ச் டைபிரேக்: முதலில் 10 பாயிண்ட் எடுக்க வேண்டும், இரண்டு பாயிண்ட் வித்தியாசமும் வேண்டும். ஆட்டம் எப்போது முடியும் என்று ஓரளவு கணிக்கலாம், சிங்கிள்ஸ் ஆடுபவர்களும் பயமில்லாமல் பெயர் கொடுப்பார்கள், அதுதான் காரணம். விம்பிள்டன் தனி ராஜ்ஜியம், அங்கே ஆண்கள் டபுள்ஸை ஐந்து செட்டிலிருந்து மூன்றாக்கியதே 2023இல்தான்.

பழைய ரசிகன்:
காரணம் சரி, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. 1999இல் பயஸும் பூபதியும் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டையும் தூக்கிய காலத்து ஆள் நான். ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு டைபிரேக்கில் 8-8இல் ஒரு டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறுவது) போட்டால் கிட்டத்தட்ட ஆட்டமே போச்சு, இது லாட்டரி இல்லாமல் வேறென்ன?

நெட்டோரம்:
லாட்டரி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே மைதானத்தில் 2020 ஃபைனல், பயஸைப் பார்க்கத்தான் கூட்டமே வந்தது. நம்ம சென்னைப் பையன் ராம்குமாரும் புரவ் ராஜாவும் சேர்ந்து பயஸ்-எப்டன் ஜோடியை 6-0, 6-3 என்று முடித்தார்கள். அப்படி ஆடினால் டைபிரேக் பேச்சே எழாது. அப்புறம் அந்த 40-40 பாயிண்டை உற்றுப் பாருங்கள்: சர்வ் போடுபவரின் கூட்டாளி, அதாவது நெட்காரர், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டு, முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவார், எந்தப் பக்கம் பாயப் போகிறேன் என்று. சர்வ் அவர் தலைக்கு மேலேதான் பறக்கும். குருட்டு அதிர்ஷ்டத்தில் செய்கிற வேலையா அது?

அல்சூர்க்காரன்:
விரலை நான் பார்க்கவே இல்லையே! பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நெட்டோரம்:
அங்கிருந்து தெரியாது. பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் கடைசிக் கோடு) பின்னால் போய் உட்காருங்கள், உங்கள் பக்கத்திலிருந்து சர்வ் போகும்போதெல்லாம் தெரியும்.