பூனையால வந்த பூச்சி, புழு: உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

கஸ்பாக்காரன்:
மாடி கட்ட வாசல்ல மணல் கொட்டி வெச்சிருந்தோம். ஆறு வயசுப் பையன் பொழுதன்னிக்கும் அதுலதான் உருண்டுக்கினு கெடப்பான். பாதத்துல செவப்பா ஒரு கோடு வந்துச்சு. படர்தாமரைன்னு களிம்பு தடவினோம், ராத்திரி பூரா சொறிஞ்சான். கோடு முடியற எடத்துல பேனாவால ஒரு புள்ளி வெச்சேன். காலைல பார்த்தா கோடு புள்ளியத் தாண்டி அரை விரக்கடை போயிருக்கு, வளைஞ்சு வளைஞ்சு. எங்கம்மா கைய வாயில வெச்சுக்கினு அப்படியே உக்காந்துட்டாங்க.

தோல் டாக்டர் கேட்ட மொத கேள்வி, "வீட்டாண்ட பூனை, நாய் இருக்கா?" கொக்கிப்புழுவாம். பூனை மணல்ல கழிஞ்சிட்டுப் போனா, ஈரத்துல முட்டை பொரிஞ்சு வெறுங்கால்ல ஏறிக்குமாம். மனுசத் தோல தாண்டி உள்ள போகத் தெரியாம தோலுக்குள்ளயே அலையுமாம். அல்பெண்டசோல் மூணு நாள், கோடு நின்னுடுச்சு. மணல் மேல தார்ப்பாய் போட்டேன். இப்ப பூனை தார்ப்பாய் மேல தூங்குது.

காட்பாடி மருமகள்:
எனக்கு மூணாம் மாசம். டாக்ஸோ டெஸ்ட், அதாவது பூனை மலத்துல வர்ற டாக்ஸோபிளாஸ்மாங்கற கிருமி தொத்தியிருக்கான்னு பார்க்கற ரத்த டெஸ்ட், எழுதிக் கொடுத்தாங்கன்னு சொன்னதுமே மாமியார் பூனைய சாக்குல போட்டு ஆத்தாண்ட விட்டுட்டு வரச் சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் சாக்கைத் தூக்கிக்கிட்டு வண்டியில ஏறினார். உள்ளேருந்து கத்தல்கூட இல்ல, சாக்கு மட்டும் லேசா அசைஞ்சுது.

ரெண்டு நாள் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. பழைய தொத்தைக் காட்டற ஐஜிஜி இருக்கு, புதுத் தொத்தைக் காட்டற ஐஜிஎம் இல்ல. "இது எப்பவோ வந்துட்டுப் போனது, குழந்தைக்கு பயமில்ல"ன்னாங்க டாக்டரம்மா. விருதம்பட்டு பக்கம் ரெண்டு சாயங்காலம் தேடினோம். கெடைக்கல.

குடியாத்தம் 71:
மேல எழுதின சகோதரி, மாமியார குத்தம் சொல்லாதீங்க. பெரியவங்க பயம் சும்மா இல்ல. எங்க அக்கா பொண்ணுக்கு பதினேழு வயசுல ஒரு கண்ணுல புகை படிஞ்ச மாதிரி ஆச்சு. போர்டுல நடு எழுத்து மட்டும் தெரியலன்னா. விழித்திரைல தழும்பு, டாக்ஸோதான்னாங்க. இத்தனைக்கும் அவங்க வீட்ல பூனையே கெடையாது.

கஸ்பாக்காரன்:
பூனையே இல்லன்னா பூனைய எதுக்குங்க திட்டறீங்க?

மருந்துக்கடை அண்ணன்:
கால்நடை மருந்துக்கடையில பத்து வருஷம் நின்னவன். ஒரு பாட்டி காகிதப் பொட்டலத்தைப் பிரிச்சு, "அரிசி நெளியுது பாரு நைனா"ன்னாங்க. பூனை படுத்த போர்வையில பொறுக்கினதாம். நாடாப்புழுவோட துண்டு. அவ்ளோதான் என் கதை.

இப்ப விஷயத்துக்கு வருவோம். அந்தப் புழு தெள்ளுப்பூச்சி வழியா வருது. பூனை நக்கும்போது தெள்ளை முழுங்கிடும், தவழற குழந்தையும் முழுங்கலாம். மாத்திரை மட்டும் கொடுத்துட்டு தெள்ளை விட்டா திரும்ப வரும். டாக்ஸோ வேற கதை. பூனைக்கு மொதல் தடவை தொத்தறப்ப மட்டும், ஒன்னுலேருந்து மூணு வாரம் வரைக்கும் மலத்துல முட்டை போகும். அது விழுந்த உடனே தொத்தாது, ஒரு நாளாவது ஆகணும். அதனால பூனை வெளிக்குப் போற மணல் தொட்டிய தினமும் சுத்தம் பண்ணா பாதி பயம் போச்சு. மாசமா இருக்கறவங்க செய்யாம வேற யாராச்சும் செய்யணும், இல்லன்னா கையுறை போடணும். பிளீச்சிங் பவுடர நம்பாதீங்க, கொதிக்கற தண்ணி ஊத்துங்க. ஈர மண்ணுல அந்த முட்டை ஒரு வருஷத்துக்கு மேலகூட உயிரோட இருக்கும், அதனால கீரைய அலசி ஆயணும். குடியாத்தம் சார், பூனை இல்லாத வீட்டுக்கும் தண்ணியில, கறியில வரும். 2004, 2005ல கோயம்புத்தூர்ல நிறைய பேருக்குக் கண்ல வந்தப்ப குடிதண்ணி மேலதான் சந்தேகப்பட்டாங்க. உப்பு பார்க்கறேன்னு பாதி வெந்த கறிய வாயில போடறதையும் விடுங்க. பூனைக்கும் பச்சைக் கறி வேணாம். அப்பறம் குட்டி போட்டா பூச்சி மருந்து…

காட்பாடி மருமகள்:
அண்ணா, இப்ப கழுவறதுக்கு வீட்ல தொட்டியும் இல்ல, பூனையும் இல்ல. விருதம்பட்டு பக்கம் இருக்கறவங்க, வால் நுனி மட்டும் கறுப்பா, ஒரு மஞ்சப் பூனை கண்ல பட்டா சொல்லுங்க. "டீ"ன்னு கூப்ட்டா திரும்பிப் பார்க்கும்.