2 எச்.பி. பிளானர் உறுமுகிறது, வேகம் எடுக்கவில்லை, எம்.சி.பி. விழுகிறது: 32 ஆம்ப்ஸ் போடலாமா?

தென்காசி மரவேலை:
வணக்கம். செங்கோட்டையில் ஒரு பட்டறையை மூடியபோது 12 அங்குல பிளானர் (மரம் இழைக்கும் இயந்திரம்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பக்கத்திலேயே சர்க்குலர் ரம்பமும் சேர்ந்தது. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 2 எச்.பி., 1440 சுற்று, தகட்டில் 10.5 ஆம்ப்ஸ் என்று இருக்கிறது. அங்கே ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், நன்றாக ஓடியது.

இங்கே வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் வைத்து சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது. கத்தி உருளை சோம்பலாகச் சுற்றுகிறது, அப்புறம் 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. மோட்டார் கிளம்ப உதவும் கப்பாசிட்டரைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி. போட்டால் சரியாகிவிடும் என்கிறார் வயர்மேன். போடலாமா?

பாளை பர்னிச்சர்:
தாராளமாகப் போடுங்கள். என் பட்டறையில் 32தான் இருக்கிறது, ஒருநாளும் விழுந்ததில்லை.

வைண்டிங் கடை, மதுரை:
ஒருநாளும் விழவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பாற்ற. வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், அடுத்த முறை சூடாகி உருகப்போவது வயர். மரத்தூள் கிடக்கும் கொட்டகையில் இந்த விளையாட்டு வேண்டாம்.

தம்பி, இரண்டு கேள்வி. சுவிட்சைப் போட்ட உடனே விழுகிறதா, சில விநாடி கழித்தா? மீட்டர் பலகையிலிருந்து கொட்டகைக்கு மின்சாரம் எப்படிப் போகிறது?

தென்காசி மரவேலை:
உடனே இல்லை அண்ணா, ஏழெட்டு விநாடி ஆகிறது. வீட்டு பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 30 மீட்டர் இழுத்திருக்கிறேன். வயரின் குறுக்குவெட்டு அளவு 1 ஸ்கொயர் எம்.எம். என்று அச்சடித்திருக்கிறது.

வைண்டிங் கடை, மதுரை:
அப்படியானால் சந்தேகம் முழுவதும் அந்த வயர் மேல்தான். உடனே விழுந்திருந்தால் ஷார்ட் இருக்கிறதா என்று தேடச் சொல்லியிருப்பேன். ஏழெட்டு விநாடி கழித்து விழுகிறது என்றால், மோட்டார் வேகம் பிடிக்க முடியாமல் தொடக்க மின்னோட்டத்தை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். இந்த அளவு மோட்டார் கிளம்பும்போது 45, 50 ஆம்ப்ஸ் சாதாரணமாக இழுக்கும். முழு வேகம் வந்ததும் 10க்குள் அடங்கிவிடும்.

1 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் போக 30, வர 30 மீட்டர் என்றால் மின்தடை 1 ஓமுக்குச் சற்று மேல். 45 ஆம்ப்ஸ் ஓடினால் 50 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். பெட்டியின் காலி பிளக்கில் மல்டிமீட்டரைச் செருகி வைத்துவிட்டு, இன்னொருவரை சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். இரண்டு விநாடி போதும், உடனே அணைத்துவிட வேண்டும். வேகம் வராத வரை உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச், மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்டிங் காயிலைத் துண்டித்து விடாது. ஸ்டார்டிங் காயிலும் கப்பாசிட்டரும் சூடேறிக்கொண்டே இருக்கும். இப்படிக் கருகிய காயில் வாரம் ஒன்றாவது என் கடைக்கு வருகிறது.

தென்காசி மரவேலை:
அளந்தேன். சும்மா இருக்கும்போது 218 வோல்ட். சுவிட்சைப் போட்டதும் 161. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போட்டால் மட்டும் மெதுவாக வேகம் எடுத்து, 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு நன்றாக ஓடுகிறது.

வைண்டிங் கடை, மதுரை:
அந்த 'டக்' சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் விடும் சத்தம். மோட்டாரில் பழுதில்லை. தொடக்க இழுவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 161 வந்தால் பாதி இழுவிசைதான் கிடைக்கும். அதை வைத்துக் கத்தி உருளையையும் ரம்பத்தையும் சேர்த்து எப்படிச் சுழற்றும்?

மெயின் பலகையிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். செம்பில் தனி லைன் இழுங்கள், பச்சை எர்த் வயரோடு சேர்த்து. வழியில் இழப்பு 13, 14 வோல்ட்டாகக் குறைந்துவிடும். எம்.சி.பி., தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கும் 'சி' வகையில் 20 ஆம்ப்ஸ் போதும். 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். இயந்திரத்தின் இரும்பு உடலை எர்த்தோடு இணைக்காமல் ஒரு பலகையைக்கூட இழைக்காதீர்கள்.

இன்னொன்று, சாதாரண சுவிட்சில் ஓட்டாதீர்கள். மோட்டார் அளவுக்கு மேல் இழுத்தால் அணைக்கும் ஓவர்லோடு ரிலே உள்ள, பொத்தானை அழுத்திக் கிளப்பும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் வாங்கி, ரிலேயைத் தகட்டில் உள்ள 10.5க்கு வையுங்கள். கரண்ட் போனதும் அதன் காயில் விட்டுவிடும். திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் ஓடாது. கரண்ட் இல்லாத நேரத்தில் ரம்பத்தில் சிக்கிய கட்டையைக் கையால் எடுக்கும்போது சுவிட்ச் போட்டபடியே இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குமரி ஆசாரி:
வயரிங் பற்றி ஐயா சொல்லிவிட்டார். பழைய இயந்திரம் என்பதால் நான் கேட்பது வேறு: ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் தகடு இருக்கிறதா? பட்டறைகளில் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். அது இல்லாமல், அறுத்த பிளவு மூடி பிளேடைக் கவ்வினால் பலகை உங்கள் வயிற்றை நோக்கி வரும். மேசைக்கு மேலே பற்கள் உங்களைப் பார்த்து வர வேண்டும், அதையும் பாருங்கள். தோளில் துண்டு, கையில் துணி உறை இரண்டும் கூடாது. பிளேடு மாற்றும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

தென்காசி மரவேலை:
நன்றி ஐயா, அண்ணா. லைன் இழுத்து, ஸ்டார்ட்டரும் மாட்டியாகிவிட்டது. இப்போது பெல்ட்டோடு இரண்டு விநாடியில் வேகம் பிடிக்கிறது. கிளம்பும்போது 204 காட்டுகிறது. ரம்பத்துக்குப் பின்னால் தகடு இல்லைதான், பட்டறையில் சொல்லிச் செய்யக் கொடுத்திருக்கிறேன். அது வரும் வரை பிளானர் மட்டும். கிளம்பும்போது பெல்ட் லேசாகக் கீச்சிடுகிறது, பரவாயில்லையா?

வைண்டிங் கடை, மதுரை:
பெல்ட் தளர்ந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டார் போல்ட்டுகளைத் தளர்த்தி, சற்றுப் பின்னால் தள்ளி முறுக்குங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் போய்விடும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்தால் புதிது வாங்கிவிடுங்கள்.