புதுப்பிப்பு: அத்தானின் முச்சக்கர வண்டியும் அரச உதவியும்

திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்யும்போது வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த அத்தானுக்கு, அவருடைய முச்சக்கர வண்டியை மாற்றியமைக்க அரச உதவி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

இலங்கையின் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் காயத்துக்கும் சம்பளத்துக்கும் ஏற்ப ஒரு தொகை தருகிறது. அதன் உச்சவரம்பு 2022இல் 20 இலட்சம் ரூபாயானது. வாகன மாற்றத்துக்கென்று அதில் தனி ஏற்பாடு இல்லை. ஜேர்மனியில் இதற்கென்றே 1987 முதல் ஒரு ஒழுங்குவிதி இருக்கிறது: வேலைக்குப் போக வாகனம் தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கு, உடல்நிலை கோரும் கூடுதல் பொருத்துகளின் முழுச் செலவையும் பொது நிதி ஏற்கிறது. நட்டஈடு போன காலுக்கு. வாகன உதவி இனி உழைக்கப்போகும் வாழ்க்கைக்கு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

திருகோணமலை அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்த்தார். கிளட்ச், கியர் இரண்டும் ஏற்கெனவே இடது கையில் இருக்கின்றன. வலது காலுக்கு இருப்பது பிரேக் மிதி மட்டுமே. அதைக் கையால் இழுக்கும்படி மாற்றலாமாம். இவ்வளவு சிறிய மாற்றம்தான் ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் தடுத்து நிற்கிறது!

நட்டஈட்டு விண்ணப்பம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போய்விட்டது. மாற்றிய வண்டிக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் கிழக்கில் இருந்தால், நடைமுறையை எழுதுங்கள். அத்தான் காத்திருக்கிறார்.