காய்ச்சல் இல்லை, வெளிறல் இல்லை, நொண்டல் மட்டும்

என் மகளுக்கு அப்போது நாலு வயது. ரத்தப் புற்றுநோய் என்றால் உடம்பு வெளிறும், காய்ச்சல் விடாது, மூக்கில் ரத்தம் வரும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அவளுக்கு அதில் எதுவும் இல்லை. இடது காலை லேசாக நொண்டினாள், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. கொஞ்ச நாளில் வலி வலது முழங்காலுக்கு மாறியது. அப்புறம் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க ஆரம்பித்தாள். தூக்கினால் பிடித்த இடம் வலிக்கிறது என்று அழுவாள்.

வளர்கிற வயதில் வரும் வலி என்றார் ஒரு மருத்துவர். அந்த வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் மாலையிலோ இரவிலோ வரும். விடிந்தால் பிள்ளை பாட்டுக்கு ஓடும். இவளோ பகலிலும் விளையாட்டை விட்டு ஓரமாக உட்கார்ந்தாள். அடுத்து மூட்டுவாதம் என்ற சந்தேகம் வந்தது, அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கலாம் என்று பேச்சு.

நல்லவேளை, குழந்தைகளுக்கான மூட்டு நிபுணர் அதை நிறுத்தி வைத்தார். ரத்தப் பரிசோதனை கிட்டத்தட்ட சரியாகத்தான் இருந்தது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் மட்டும் கொஞ்சம் குறைவு. மூட்டில் அழற்சி இருந்தால் பிளேட்லெட் கூடத்தான் செய்யும், இது ஏன் இறங்குகிறது என்று கேட்டார். ஸ்டீராய்டு லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய்ச் செல்களையும் அழிக்கும் மருந்து. முதலிலேயே கொடுத்தால் வலி குறையும், நோய் தற்காலிகமாக மறைந்துகொள்ளும், பிறகு கண்டுபிடிப்பதே சிக்கலாகிவிடும். அதனால் முதலில், எலும்புக்குள் ரத்த அணுக்கள் உருவாகும் மஜ்ஜையை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை. அதில்தான் தெரிந்தது, ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் என்று. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் வகை அது. 2 முதல் 5 வயதுக்குள்தான் நிறையப் பேருக்கு வருகிறதாம்.

வார்டில் மற்ற பெற்றோர் சொன்ன கதைகள் இன்னும் விசித்திரம். ஒரு பையனுக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடியதால் பல் மருத்துவரிடம் போயிருக்கிறார்கள், அவனுக்கு ஏ.எம்.எல். என்கிற வேறு வகை ரத்தப் புற்றுநோய். இன்னொருவனுக்கு இருமல். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தும் படுத்தால் மூச்சு முட்டியது, தூங்கி எழுந்தால் முகம் உப்பியிருக்கும். மார்புக்குள் கட்டி மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு குட்டிப் பெண்ணுக்கு வாய் ஒரு பக்கம் கோணியதுதான் முதல் அறிகுறி. கணுக்காலில் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து வந்தவர்களும் உண்டு. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் அவை மறையவில்லை என்றார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் நொண்டுகிற பிள்ளையைப் பார்த்துப் பதற வேண்டாம், பெரும்பாலும் அது சுளுக்குதான். ஆனால் வலி இடம் மாறினால், இரவில் எழுப்பினால், நடந்த பிள்ளை நடக்க மறுத்தால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையோடு ஸ்மியரும் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை சரியாக இருந்தும் வலி போகவில்லையா, மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மூட்டுவாதம் என்று ஸ்டீராய்டு எழுதினால், மஜ்ஜை பார்க்க வேண்டுமா என்பதை ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.