வயதான கிளி கம்பிலிருந்து விழுந்தபோது

எங்கள் ஆப்பிரிக்கன் கிரே கிளிக்கு இப்போது 27 வயது. சென்ற ஆண்டு ஒரு காலையில் அது கம்பிலிருந்து கூண்டின் தரையில் விழுந்தது. மீண்டும் ஏறியபோது இடக்கால் விரல்கள் பிடி கிடைக்காமல் வழுக்கின. கம்புதான் வழவழப்பாகிவிட்டது என்று எண்ணி, அதை மாற்றியதோடு விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடி விழுந்தபோது இறக்கைகள் சில விநாடிகள் வெட்டி வெட்டி நடுங்கின. அன்றே பறவை மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

இரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தது. எக்ஸ்ரேயில் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாய் தடித்துத் தெரிந்தது. கிரே, அமேசான் வகைக் கிளிகளுக்கு முதுமையில் இரத்தக்குழாயில் கொழுப்பு படிவது அதிகம் என்பதும், காலுக்குப் போகும் இரத்தம் குறைந்தால் பிடி தளரும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. விரும்பித் தின்கிறதே என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிண்ணம் நிறைய நான் போட்ட சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. கால்சியமும் வைட்டமின் ஏயும் மிகக் குறைவு. அன்போடு கொடுத்தது அது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

தீனியை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. பழகாததைத் தொடாமல் பட்டினி கிடந்துவிடும். விதையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பெல்லட் தீனி (சத்துகளைக் கலந்து சிறு உருண்டைகளாக்கிய தீனி), முருங்கைக்கீரை, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றைப் பழக்க நான்கு மாதம் ஆயிற்று. கால்சியம் உடலில் சேர வெயில் வேண்டும் என்பதால், கண்ணாடிச் சன்னலோரம் இருந்த கூண்டைக் காலையில் திறந்த முற்றத்தில், பாதி நிழலில் வைத்து, அருகிலேயே இருக்கிறேன். கண்ணாடி வழியே வரும் வெயிலால் அந்தப் பயன் இல்லை. தினமும் தீனிக்கு முன் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் குறித்துக்கொள்கிறேன். நோயை மறைப்பது கிளியின் இயல்பு. 450 கிராம் பறவை 45 கிராம் இழந்தாலும் இறகுகள் அதை மூடிவிடும்.

மறுமொழி:

எடையைப் பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் உண்மை, ஐயா. எங்கள் காக்கட்டீல் என்னும் சிறு கொண்டைக்கிளிக்கு 18 வயது. அது மந்தமாக இருப்பதை முதுமை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு நாள் கூண்டைக் கழுவிவிட்டுத் தீனிக் கிண்ணத்தை எதிர்ப்பக்கம் மாட்டினேன். மாலைவரை அது கிண்ணம் முன்பிருந்த இடத்தில் வெறும் கம்பியையே கொத்திக்கொண்டிருந்தது. இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. 90 கிராம் இருந்த எடை 78 ஆகியிருந்தது. இப்போது கூண்டுக்குள் எதையும் இடம் மாற்றுவதில்லை, கம்புகளையும் தாழ்த்திவிட்டோம். பெயர் சொல்லி அழைத்து, அது தலையைச் சாய்த்துக் குரல் வந்த பக்கம் திரும்பிய பிறகே கையை நீட்டுகிறோம்.